ஆல்ப்ஸ் மீக்கணினியில் ஜூலியா

கேள்வி: மடிக்கணினியில் ஜூலியா மொழியை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மீக்கணினியில் மட்டும் அதற்குத் தனி ஏற்பாடு ஏன்?

பதில்: 2012இல் வெளியான ஜூலியா, எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் திறமூல மொழி. லட்சக்கணக்கான எண்கள் கொண்ட ஓர் அணியை ஒரே பெயரால் கூட்டவும் பெருக்கவும் அதன் இலக்கணமே இடம் தருகிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய ஓபன்பிளாஸ் என்ற கணித லைப்ரரி, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி ஆகியவற்றை அது கையோடு கொண்டுவந்துவிடும். அதிலுள்ள எல்எல்விஎம் ஜூலியாவுக்கென்றே திருத்தப்பட்டது. லினக்ஸ் வழங்கல்களுக்கோ ஒரே லைப்ரரிக்கு இரண்டு பிரதிகள் இருப்பது பிடிக்காது. இந்த இழுபறி பழையது.

லுகானோவில் உள்ள சுவிஸ் தேசிய மீக்கணினி மையம் ஈடிஹெச் சூரிச்சைச் சேர்ந்தது. அங்கே 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ஆல்ப்ஸில் 10,000க்கும் மேற்பட்ட என்விடியா கிரேஸ் ஹாப்பர் சிப்புகள் உள்ளன. கணினிகளை இணைப்பது ஸ்லிங்ஷாட் என்ற அதிவேக வலையமைப்பு. சிக்கல் இங்கேதான். கணினிகள் தமக்குள் தகவல் பரிமாற உதவுவது எம்பிஐ லைப்ரரி; ஜூலியா தானாக இறக்கிக்கொள்ளும் எம்பிஐக்கு இந்த வலையமைப்பைப் பற்றித் தெரியாது; நிரல் ஓடினாலும் வேகம் வராது, சில வேளை ஓடவே ஓடாது. ஆகவே மற்றவற்றை ஜூலியா கொண்டுவரலாம். எம்பிஐ மட்டும் இயந்திரத்துடையதாகவே இருக்க வேண்டும். எம்பிஐபிரிஃபரன்சஸ் என்ற ஜூலியா பேக்கேஜ் வழியே இந்தத் தேர்வை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். பயனர் ஒவ்வொருவரும் தனித்தனியே இதைச் செய்து தடுமாறுவதைவிட, மையமே ஒருமுறை செய்துதருவது நல்லது.

அதற்கு மையம் கையாளும் வழி யூஎன்வி. வேண்டிய மென்பொருள்களை ஸ்பாக் கருவியால் கட்டி, ஸ்குவாஷ்எஃப்எஸ் வகைச் சுருக்கக் கோப்பு ஒன்றில் அடைத்துவிடுகிறார்கள். வேலை தொடங்கும்போது அந்தக் கோப்பு கோப்பு முறைமையாக ஏற்றப்படும். அடிப்படை இயங்குதளத்தில் கைவைக்க வேண்டியதில்லை. பழைய பதிப்பும் புதியதும் அருகருகே இருக்கலாம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் திறக்கும் வேலை லஸ்டர் போன்ற பகிர்வுக் கோப்பு முறைமைகளுக்குப் பெரும் சுமை. ஒரே கோப்பானதால் அதுவும் குறைகிறது.

யூஎன்வி வாசிக்க மட்டுமே. பயனர் சேர்க்கும் பேக்கேஜ்கள் டிப்போ எனப்படும் தனிக் கோப்பகத்துக்குப் போகும். ஆல்ப்ஸில் ஏஆர்எம் வகை கிரேஸ் சிபியுக்களோடு, ஐகர் என்ற பகுதியில் ஏஎம்டி சிபியுக்களும் உண்டு. ஒன்றுக்காக முன்கம்பைல் செய்தது மற்றதில் பயன்படாது; இரண்டுக்கும் தனித்தனி டிப்போ வைப்பதே சரி. டிப்போவைத் தற்காலிகச் சேமிப்பிடத்தில் வைத்தால் பழைய கோப்புகள் நாளடைவில் நீக்கப்பட்டுவிடும். ப்ராஜெக்ட், மேனிஃபெஸ்ட் என்ற இரண்டு டாம்ல் கோப்புகளை மட்டும் முகப்புக் கோப்பகத்தில் பத்திரப்படுத்தினால், அதே பதிப்புகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.