அப்பாவோட ஆர்.எக்ஸ்.100 அமெரிக்கா போகணுமா, தம்பி?

பைக்கைப் பெட்டியில் ஏத்துறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கை எடுத்து, எந்த மாதம் தயாரான வண்டின்னு பாரு. தயாரிச்சு 25 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் தரச் சான்று தேவையில்லை. இதில் மாதக் கணக்கும் முக்கியம். ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-லேயே நின்னுபோச்சு, அதனால் பிரச்னை இல்லை. ஆர்.எக்ஸ்.135 வச்சிருக்கிறவங்கதான் எண்ணிப் பார்க்கணும். அது 2000-க்கு அப்புறமும் வந்துச்சு.

நிறைய பேர் மாட்டிக்கிறது புகை விதியில்தான். 21 வருஷம் தாண்டின வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனா கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கணும். நம்ம ஊர்ல கை வைக்காத ஆர்.எக்ஸ். கிடைக்கிறது அபூர்வம். 135 ப்ளாக் ஏத்தியிருப்பாங்க, எக்ஸ்பேன்ஷன் சேம்பர் மாட்டியிருப்பாங்க. அதையெல்லாம் கழட்டிட்டு ஒரிஜினல் சைலன்சரைத் தேடிப் போடு. ஸ்பேர் இங்கே இருக்கும்போதே வாங்கி முடிச்சிடு, அங்கே போய் அலையாதே. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் டார்ச் அடிச்சு ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாரு. நம்பர் மேல பெயின்ட் பூசியிருந்தா பக்குவமா சுரண்டி எடுக்கச் சொல்லு. தேய்ச்சு அழிச்சுடக் கூடாது.

வண்டி இன்னும் காலமான அப்பா பேரில் இருந்தா, வாரிசுச் சான்றிதழோட ஃபாரம் 31 கொடுத்து முதல்ல பேர் மாத்து. அந்தக் காலத்துல டியூ போட்டு வாங்கின வண்டியா? கடன் அடைச்சு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் ஹெச்.பி. அப்படியே கிடக்கும். ஃபாரம் 35-ல் அதை நீக்கிடு. எஃப்.சி. காலாவதி ஆகியிருந்தா அதையும் புதுப்பிச்சுக்கோ.

அப்புறம் கழுவுறது. இதை லேசா எடுத்துக்காதே தம்பி. அமெரிக்கத் துறைமுகத்தில் வேளாண் சோதனை உண்டு. வண்டியில் வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது. மட்கார்டுக்கு உள்பக்கம், செயின் கவர், சென்டர் ஸ்டாண்டு மடியிற இடம் எல்லாத்தையும் ஸ்டீம் வாஷ் பண்ணு. பெட்ரோலை வடிச்சு, பேட்டரி ஒயரைக் கழட்டிடு. மரப்பெட்டின்னா ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்தின மரமா இருக்கணும். பெட்டியில் இடம் இருக்கேன்னு ஊறுகாய், புடவை எதையும் சொருகாதே.

அங்கே இறங்கினதும் ஹெச்.எஸ்.-7 ஃபாரமும் 3520-1 ஃபாரமும் கொடுக்கணும். கப்பலில் ஏத்துறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே சரக்கு விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போயிருக்கணும். இதுக்கெல்லாம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரை வச்சுக்கோ, அந்தக் காசு வீண் இல்லை. சுங்கம் முத்திரை போட்டுக் கொடுக்கிற 7501 ஃபாரத்தைப் பத்திரமா வை. பதிவுக்குப் போகும்போது டி.எம்.வி.யில் அதைக் கேட்பாங்க.

நீ இருக்கிறது கலிபோர்னியான்னா, மாநிலத்துக்கே தனிப் புகை விதி உண்டு, டி.எம்.வி.யில் கேட்காம இங்கே ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதே. எந்த மாநிலமா இருந்தாலும் சேஸிஸ் நம்பரை முன்கூட்டியே அனுப்பிக் கேளு. அவங்க கம்ப்யூட்டர் 17 இலக்கம் எதிர்பார்க்கும், நம்ம பழைய வண்டியில் அவ்வளவு இருக்காது. கார் லைசென்ஸ் மட்டும் போதாது, பைக்குக்கு எம் கிளாஸ் தனியா எடுக்கணும். வண்டி கடல்ல இருக்கும்போதே அந்த டெஸ்ட்டை முடிச்சிடு.