விரைவும் நிதானமும்

தேர்த் திருநாளில் வடம் பிடித்து இழுப்போர் பலர். முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. ஆயினும், அச்சிலருடைய கைத்திறத்தாலேயே தேர் வீதிமூலையில் திரும்புகிறது. நிலைக்கு வந்து சேர்கிறது. மேல்மலையனூரின் மாசித் தேரோட்டத்தைக் கண்டோர் இதனை நன்கு அறிவர். தரையில் ஓடும் தேரை நடுவழியிலும் நிறுத்தலாம். வானில் செல்லும் விமானத்தையோ அவ்வாறு நிறுத்த இயலாது. அதனைத் தாங்கி நிற்பதே அதன் வேகந்தான். ஆகவே, விமானத்தின் விரைவைத் தணித்தல் அரியதொரு கலையாகும். மாதிரி விமானத்தைக் கொண்டு இக்கலையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

மாதிரி விமானம் என்பது, தரையில் நிற்பவர் வானொலி அலைகளால் இயக்கும் சிறிய விமானமாகும். தொலைவிலுள்ள ஒரு பொருளை இவ்வலைகளால் இயக்கலாம் என்பதை, 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு மெய்ப்பித்தார். இன்று நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவு மாணவர்க்கு மாதிரி விமானக் கலையும் பயிற்றப்படுகிறது.

இறக்கையின்மீது காற்று பாய்வதால் விமானத்தை மேலே தாங்கும் விசை பிறக்கிறது. வேகம் பாதியானால் இவ்விசை பாதியாவதன்று. நான்கில் ஒரு பங்காகிவிடும். அக்குறையை ஈடுசெய்ய, மூக்கைச் சற்று உயர்த்தி, இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை மிகுவிக்க வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடப்பின், காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரியும். தாங்கும் விசை திடீரெனக் குறையும். விமானம் சரிந்து விழும். தரைக்கு அருகில் இது நேர்ந்தால் மீட்க இடமில்லை.

எனவே, பறக்கவிடுமுன்னரே விமானத்தைச் செம்மை செய்தல் வேண்டும். முதலாவது, எடையின் நடு சரியான இடத்தில் அமைய வேண்டும். பெரும்பாலான மாதிரி விமானங்களில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும். மின்கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். எடை பின்னே சாய்ந்தால், விமானம் மெதுவாகச் செல்லும்போது அடங்காது. இரண்டாவது, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகளின் அளவை வரையறுக்க வேண்டும். மிகு வேகத்தில் சிறிய அசைவே போதும். குறைந்த வேகத்தில் பெரிய அசைவு தேவை. ஆதலின், இருவகை அளவுகளையும் இயக்குகருவியில் முன்னரே அமைத்துக்கொள்வர்.

இறக்கும்போது முதலில் மோட்டாரின் விசையைக் குறைத்து, நேராகப் பறக்கவிட்டு வேகத்தைத் தணிப்பர். பின்னர் இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளைத் தாழ்த்துவர். அதனால் தாங்கும் விசையும் காற்றின் தடையும் ஒருங்கே பெருகும். குறைந்த வேகத்திலும் விமானம் நிலைத்துப் பறக்கும். காற்றை எதிர்த்து இறக்குவது மற்றோர் உதவி. காற்றினூடே மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் விமானம், 10 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் தரையை 30 கிலோமீட்டர் வேகத்திலேயே தொடும். எத்திசையிலும் பரபரப்புடன் மூக்கைத் தூக்குவதே பெரும்பிழை.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புஷ்பக்' என்னும் ஆளில்லா ஊர்தியும் இச்சிக்கலை வென்றது. 2024ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், கருநாடகத்துச் சித்திரதுர்க்காவில் ஹெலிகாப்டர் அதனை 4.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடுவித்தது. எவரும் இயக்காமல், தன் கருவிகளாலேயே வழியறிந்து அது ஓடுபாதையை அடைந்தது. அதன் இறக்கைகள் சிறியன. ஆதலின் வானிலேயே மிகுதியாக வேகம் தணிக்க இயலாது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொட்டது. பின்னே விரிந்த குடை அவ்வேகத்தை ஏறத்தாழ 100 கிலோமீட்டராகக் குறைத்தது. அதன்பின் சக்கரத் தடைகள் அதனை நிறுத்தின.

விரைவு பெறுவதற்கு வலிமை போதும். அதனை அடக்குவதற்கோ முன்னறிவும் ஒழுங்கும் பொறுமையும் வேண்டும். இறங்கும் வழியை எண்ணிய பின்னரே ஏறத் துணிபவன் தான் செய்த பொருளையும் காப்பான். அருகில் நிற்கும் பிறரையும் காப்பான்.

பயிற்சி

1. விமானத்தின் வேகம் பாதியானால் தாங்கும் விசை என்னவாகும்?
2. மாதிரி விமானத்தைப் பறக்கவிடுமுன் செய்யவேண்டுவன யாவை?
3. 'புஷ்பக்' ஊர்தியின் வேகம் எவ்வாறு தணிக்கப்பட்டது?