பரம்பரைக் கொழுப்புக்கு மாத்திரையா, ஊசியா?

முப்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, கறி மீன் தொடாத வீடு. கம்பெனியில் வருடாந்திரச் செக்கப் என்று ரத்தம் கொடுத்தால் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 240 என்று வருகிறது. அன்றோடு வீட்டில் தேங்காய்ச் சட்னி நிற்கிறது, நெய் நிற்கிறது, காலையில் பச்சைப் பூண்டு விழுங்குவது தொடங்குகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 216. பாவம், அந்த மனிதருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. அவர் தின்று சேர்த்த கொழுப்பா இது? அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைக் கொக்கி போட்டு உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல். அந்தக் கொக்கிகளைக் கண்டறிந்ததில்தான் மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் பரிசு வந்தது. கொக்கி செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்தால், வேலை செய்யும் கொக்கிகள் பாதிதான் இருக்கும். ஏறக்குறைய 250 அல்லது 300 பேரில் ஒருவருக்கு இப்படி. சிகிச்சையே இல்லாமல் விட்டால், அந்த ஆண்களில் சுமார் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதயநோய் வரும்.

பெரியவர்களுக்கு எல்.டி.எல். 190-க்கு மேல், பிள்ளைகளுக்கு 160-க்கு மேல் என்றால் சந்தேகப்பட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் அங்கே கொழுப்பு படிந்திருக்கலாம். தைராய்டு, சிறுநீரகக் கோளாறாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? உணவுக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் அதனால் மட்டும் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்குவது அரிது. ஆகவே சாப்பாடா மருந்தா என்று யோசித்து வருடங்களை விடாதீர்கள். முதல் மருந்து ஸ்டேட்டின். இது கல்லீரலின் சொந்தக் கொழுப்பு உற்பத்தியைக் குறைப்பதால், அது புதிய கொக்கிகளை முளைக்கவிடுகிறது. அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ உயர் அளவில் எடுத்தால் ஏறக்குறைய பாதி இறங்கும். நம் ஆளின் 216, 108 ஆகும்.

போய்ச் சேர வேண்டிய இடம் பெரும்பாலும் 70-க்குக் கீழ். மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழ். ஸ்டேட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் கிடைக்கும். குடலில் கொழுப்பை உறிஞ்சவிடாத எசெட்டிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் இருபது சதவீதம் கிடைக்கும். அளவைக் கூட்டுவதைவிட இதைச் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம் என்பேன். இப்போது 86.

அப்புறம்தான் ஊசி. கொக்கிகளை உடைத்துப் போடும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்பவை எவோலோகுமாபும் அலிரோகுமாபும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ தானே குத்திக்கொள்ளலாம். இருப்பதில் இன்னும் அறுபது சதவீதம் இறங்கும். இன்க்ளிசிரான் அந்தப் புரதத்தை உருவாகவே விடாமல் தடுப்பது. தொடக்கத்தில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. மறதிக்காரர்களுக்கும் வெளியூர் வேலைக்காரர்களுக்கும் இது தோது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன்; அவை மாரடைப்பைக் குறைப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஊசிச் செலவு தாங்காதவர்களுக்குப் பெம்பெடோயிக் அமில மாத்திரை நடுவழி. யூரிக் அமிலம் ஏறும் என்பதால் கவுட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

தசை வலிக்கிறது என்று ஸ்டேட்டினைத் தாமே நிறுத்துகிறவர்கள் ஏராளம். நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். வேறு ஸ்டேட்டின், குறைந்த அளவு, ஒன்றுவிட்டு ஒருநாள் என்று வழிகள் உண்டு. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே பேசி நிறுத்த வேண்டியிருக்கும்.

சொந்தத்துக்குள் கட்டிக்கொண்ட வீடுகளில் இரு பக்கமும் ஒரே பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகலாம். எல்.டி.எல். 400-ஐத் தாண்டும், முழங்கை, முழங்காலில் மஞ்சள் கட்டிகள் தெரியும். கொக்கியே இல்லாத உடம்பில் ஸ்டேட்டினும் ஊசியும் தடுமாறும். அந்தப் பிள்ளைக்கு டயாலிசிஸ் போல ரத்தத்தை வெளியே எடுத்துக் கொழுப்பை வடிக்கும் சிகிச்சை, வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தேவைப்படும். நாள் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா? பணம் இருந்தால் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பணத்தில் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் சாதாரண லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் இது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. எட்டு, பத்து வயதில் ஸ்டேட்டின் தொடங்கலாம். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையா என்று நெஞ்சு பதறும், எனக்கும் பதறியது. நெதர்லாந்தில் சிறுவயதிலேயே தொடங்கியவர்களை இருபது வருடம் பின்தொடர்ந்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய் நோய் கண்டவர்கள் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர். இதே பழுதோடு, சிறுவயதில் மருந்து கிடைக்காமல் வளர்ந்த அவர்களின் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேர்.