தண்ணீரில் ஆசையுள்ள பிள்ளைக்கு

பேலியகொடையில் களனி கங்கைக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. நடை பழகிய காலத்திலேயே என் மகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். குளிக்க வார்த்தால் வெளியே வரமாட்டாள். இன்று பாடசாலை நீச்சல் போட்டிகளில் நீந்துகிறாள். அவளுடைய அந்த ஆசை குறையாமல் பார்ப்பதுதான் பெற்றோரின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

பயமில்லாத பிள்ளைக்கே காவல் கூடுதலாக வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. மூச்சுக்கே திணறும்போது குரல் எழாது. எனவே சிறு பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள், தொலைபேசியை எடுக்காதீர்கள். கங்கையில் இறங்க விடவே வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வெள்ளவத்தைக் கடலும் கொந்தளிக்கும். பழகுவதற்கு உயிர்காப்பாளர் இருக்கும் தடாகமே நல்லது.

கை வீச்சுக்கு முன் மூச்சைப் பழக்குங்கள். தண்ணீருக்குள் மூச்சை மெதுவாக ஊதி விட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே இழுக்க வேண்டும். மூச்சை அடக்கி நீந்தும் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும்.

போட்டிக்கு முன் விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாவிட்டால் தகுதி நீக்கம்தான். முதுகு நீச்சலில் சுவருக்கு 5 மீற்றர் முன்னால் மேலே கொடிகள் தொங்கும். அவற்றைக் கண்டதும் எத்தனை கை வீச்சில் சுவர் வரும் என்று எண்ணப் பழகினால் தலை அடிபடாது.

நேரத்தைப் பிள்ளையின் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதுவும் ஒரே நீளமுள்ள தடாகத்தில். 25 மீற்றர் தடாகத்தில் திரும்பும் தடவைகள் அதிகம். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்து வேகம் எடுக்கலாம். 50 மீற்றர் தடாகத்தில் நேரம் கூடினால் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நம்மவர் கதைகளைச் சொல்லுங்கள். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலங்கள். 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் நீச்சல் வீரர் மத்தியூ அபேசிங்க 7 தங்கங்கள் வென்றார். என் மகள் இவர்களைப் பற்றி மறுபடி மறுபடி கேட்பாள்.

பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா விளையாட விடுங்கள். காய்ச்சலோ காதுவலியோ இருந்தால் வீட்டிலேயே நிற்கட்டும். என்றைக்காவது “இன்றைக்குப் போகவில்லை” என்று பிள்ளை சொன்னால், அதட்டாமல் பக்கத்தில் இருத்திக் காரணத்தைக் கேளுங்கள். உடம்பு களைத்ததா, மனம் களைத்ததா என்று தெரிந்துகொண்ட பிறகு பயிற்றுநரோடு பேசி முடிவெடுங்கள்.