புதுப் பச்சை ஆறும் வரை

டாட்டூ போட்டு முடித்துக் கிளம்பும்போது கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், களிம்பு தடவுங்கள், வெயில் படக் கூடாது, சொறியக் கூடாது என்று நாலைந்து வரி இருக்கும். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த வரிகளில் பாதி, வியர்க்காத ஊருக்கும் வெளுத்த தோலுக்கும் எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி வீடு திரும்பி, வாசலிலேயே “மஞ்சள் வை, சீக்கிரம் ஆறிடும்” என்று சொல்லும் பெரியம்மாவிடம் மாட்டப்போகிறவருக்கு அந்தச் சீட்டு பத்தாது.

தோலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஊசி மேல்தோலைத் துளைத்து, அதன் அடியிலுள்ள அடுக்கில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விட்டிருக்கிறது. உடலுக்கு அது அந்நியப் பொருள். கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன, செரிக்கத்தான் முடிவதில்லை. பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த அணு இறந்து மை வெளியே சிந்தினால், அடுத்து வரும் அணு அதை விழுங்கிக்கொள்கிறது. பச்சை அழியாமல் நிற்பது இப்படிக் கைமாறிக் கைமாறித்தான். ஆக, மையைப் பற்றிய கவலையை உடலிடம் விட்டுவிடலாம். நம் பொறுப்பில் இருப்பது மேலே திறந்து கிடக்கும் புண். அது மூட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுதாகத் தேற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

இன்னும் போடவில்லை, தேதி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மார்கழி, தை மாதங்களைச் சொல்வேன், வியர்வை குறைவு. நலங்கு வைக்கப்போகும் கல்யாணமோ, குற்றாலப் பயணமோ அடுத்த நான்கு வாரத்துக்குள் இருந்தால் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே போக வேண்டும். அவர்களுக்குப் புண் ஆறுவதும் மெதுவாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

முதல் நாள்

சுற்றி அனுப்பியது சாதாரண பிளாஸ்டிக் உறையா, ‘செகண்ட் ஸ்கின்’ என்கிற ஒட்டும் மெல்லிய படலமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு. சமையலறையில் சாப்பாட்டை மூடும் வகை பிளாஸ்டிக் என்றால் கடைக்காரர் சொன்ன சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அதோடு இரவு தூங்கக் கூடாது. உள்ளே வியர்வையும் ரத்தமும் சேர்ந்து புழுங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஒட்டும் படலம் காற்றை உள்ளே விடும், தண்ணீரை விடாது. அதைச் சில நாட்கள்வரை வைத்திருக்கலாம் என்பார்கள். நம் ஊர் வெயிலில் அடியில் நீர் கோத்துக்கொண்டாலோ, ஓரம் பிரிந்து உள்ளே தண்ணீர் போனாலோ, சுற்றிலும் அரித்துத் தடித்தாலோ, எத்தனை நாள் சொல்லியிருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட்டு, ஓரத்தைத் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று மேல்நோக்கிப் பிய்க்கக் கூடாது.

பிறகு கழுவுவது. முதலில் உங்கள் கைகளை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாதிப் பேர் விட்டுவிடும் படி இதுதான். வாசனை இல்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தடவி, வழவழப்பாகப் படிந்திருக்கும் ரத்தமும் மையும் போகும்வரை அலசுங்கள். நார், பஞ்சு, ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். தண்ணீரில் கறுப்பாக மை கரைந்து ஓடும். டாட்டூவே அழிகிறது என்று பதற வேண்டாம், மேலே நின்றுபோன மிச்ச மைதான் அது. மாடித் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வருகிற வீடு என்றால், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைக் கடைசியில் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்வது நல்லது.

துண்டால் துடைக்காதீர்கள். எத்தனை நாள் துவைக்காத துண்டு என்று அவரவருக்குத் தெரியும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, கால் மணி நேரம் காற்றில் உலரவிட்டு, அதன்பின் களிம்பு. உள்ளங்கை அகல டாட்டூவுக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு தாராளம். தடவிய பின் தோல் லேசாக மினுங்கினால் போதும், பிசுபிசுவென்று வழியக் கூடாது.

முதல் நான்கு நாள்

வலி, வீக்கம், தொட்டால் சூடு, நிறமற்ற நீர் கசிவது எல்லாம் இந்த நாட்களில் இயல்பு. வெயிலில் காய்ந்த தோல்போல எரியும். கணுக்காலில் போட்டிருந்தால் மாலையில் கால் வீங்கும், உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை, தேவைப்பட்டால் இடையில் ஒரு முறை என்று கழுவி, உலர்த்தி, மெல்லிசாகத் தடவினால் ஆயிற்று. பயந்துபோய் நாளுக்கு ஏழெட்டு முறை கழுவுகிறவர்கள் தோலை வறட்டி, ஆறுவதைத் தாமதப்படுத்துகிறார்கள்.

குளிர்நாட்டுச் சீட்டில் இல்லாத விஷயம் வியர்வை. ஆறாத தோலில் வியர்வை நின்றால் எரிச்சலும் வேர்க்குருவும் வரும். அதன்மேல் வாசலின் மாதிரி கெட்டிக் களிம்பை அப்பினால் வியர்வை வெளியேற வழியே இருக்காது. அதனால்தான் கோடையில் தண்ணீர்த்தன்மையுள்ள, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரே மேல் என்பது என் கட்சி. வெளியில் போய் வந்து வியர்த்திருந்தால் தண்ணீரால் மட்டும் அலசி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு முறையும் சோப்பு வேண்டாம். ஜிம்முக்கு ஒரு வாரமாவது விடுப்பு; அங்குள்ள மெத்தையும் கம்பியும் ஊரே தொட்டவை. தோளில் போட்டிருந்தால் பை வார், இடுப்பில் என்றால் பெல்ட்டும் பாவாடை நாடாவும், கழுத்தில் என்றால் சங்கிலி, இவை உரசாமல் பார்க்க வேண்டும். இறுக்கமான பாலியஸ்டர் சட்டையைவிட அப்பாவின் பழைய பருத்திச் சட்டை உத்தமம்.

படுக்கையில் துவைத்த பழைய வேட்டியையோ புடவையையோ விரித்துக்கொள்ளுங்கள், கறை படியும். காலையில் துணி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். அந்த இடத்தை நன்றாக நனைத்தால் தானே விட்டுவிடும். வீட்டு நாய் பாசத்தோடு நக்க வரும், அதையும் தள்ளி வையுங்கள்.

அஞ்சறைப்பெட்டி வைத்தியம்

பச்சை குத்திய கையோடு மஞ்சள் பூசுவது நம் பழைய வழக்கம். வேறு மருந்து கிடைக்காத காலத்தில் முன்னோர் செய்தது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் கடை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல, கலப்படமும் உண்டு. திறந்த புண்ணில் அதைப் பூசுவது அரிப்பையும் கிருமியையும் வலிய அழைப்பது. வேப்பிலை அரைத்து வைப்பது, கற்றாழை மடலை வெட்டி நேராகத் தேய்ப்பது, எலுமிச்சை, டூத்பேஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். திருநீறு, சந்தனம், குங்குமம், சென்ட் படும் இடம் என்றால் ஆறும்வரை கொஞ்சம் தள்ளி இட்டுக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை. பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் மூடிய பிறகு, சுத்தமான எண்ணெயை ஒரு துளி தடவினால் வறட்சிக்கு நல்லது. நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் சனிக்கிழமைகளை மூன்று நான்கு வாரம் மறந்துவிடுங்கள்.

பெரியம்மாவை விட ஆபத்தானவர் மருந்துக்கடைக்காரர். மருத்துவர் சீட்டு இல்லாமல் போய் “டாட்டூ அரிக்குது” என்றால், ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார். அரிப்பு மாயமாக அடங்கும். புண் ஆறுவதும் சேர்ந்தே அடங்கும், தோல் மெலியும், உள்ளே பூஞ்சையோ பாக்டீரியாவோ இருந்தால் அது சத்தமில்லாமல் பெருகும். எந்தக் காயத்துக்கும் தூவுகிற ஆன்டிபயாட்டிக் பவுடரும் வேண்டாம். அது நீரோடு சேர்ந்து கெட்டிப் பக்காகி, உரியும்போது மையையும் கொண்டுபோகும். அவற்றில் சிலவற்றில் உள்ள நியோமைசின் பலருக்கு ஒவ்வாமை தருகிற மருந்து. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் தோலையே எரித்துவிடும்.

உரியும் வாரம்

நான்கைந்து நாள் போனதும் தோல் இறுகி, வெங்காயச் சருகுபோல உரியத் தொடங்கும். உதிரும் துகளில் நிறம் ஒட்டியிருக்கும், அடியில் படம் மங்கலாக, பால் படிந்த மாதிரி தெரியும். பலர் டாட்டூ போட்ட கலைஞருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். புதுத் தோல் தெளிய இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள். அரிப்பு பொல்லாதது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரித்தால் சுத்தமான துணியில் சுற்றிய குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலை அதன்மேல் கொஞ்ச நேரம் வைக்கலாம், கழுவிய உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம், கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவலாம். பாதி உரிந்து தொங்கும் பொருக்கைக் கிள்ளி எடுத்தால் அந்த இடத்தில் மையும் போய், வெள்ளைத் திட்டோ தழும்போ மிஞ்சும். ஆறாத இடத்தில் முடி மழிக்கவும் கூடாது.

கடல், குளம், அருவி

குளிக்கலாம், ஊறக் கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதில் தடையில்லை. நீச்சல்குளம், கிணறு, கோயில் குளம், ஆறு, கடல் எதுவும் தோல் முழுதாக மூடும்வரை, அதாவது மூன்று நான்கு வாரத்துக்கு, ஆகாது. உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017இல் ஒரு மருத்துவ இதழில் வந்த அமெரிக்க நிகழ்வு அது. காலில் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயது ஆண், வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்நிஃபிகஸ் என்ற பாக்டீரியா தொற்றி இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது என்பது உண்மை. வங்கக் கடலும் வெதுவெதுப்பான கடல்தான்.

வெயிலில் முதல் மூன்று நான்கு வாரம் சன்ஸ்கிரீன் போடாதீர்கள், துணியால் மூடுங்கள். பைக்கில் போகிறவர்களுக்குத் தளர்ந்த முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆறிய பிறகு வெளியே போகும்போதெல்லாம் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இல்லாவிட்டால் நுணுக்கமான கோடுகள்தான் முதலில் வெளிறும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

எல்லாக் குறிப்பும் ‘சிவந்தால் கவனி’ என்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ தெரியும். அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். புறங்கையால் டாட்டூவுக்குச் சற்று வெளியே உள்ள தோலையும், மறு கையிலோ மறு காலிலோ அதே இடத்தையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் சூடும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால் அது ஆறுவதன் அடையாளம் இல்லை. வீக்கம் முடியும் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் காத்திருக்காதீர்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், குளிர்நடுக்கம், டாட்டூவிலிருந்து மேல்நோக்கி ஓடும் கோடு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர். போட்ட கலைஞர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் மருத்துவர் இல்லை.

ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, நிழல் தீட்டிய சாம்பல் பகுதியில் மட்டும் சிறு சிறு கொப்புளமாகக் கிளம்பினால் தோல் மருத்துவரிடம் போங்கள், போட்ட தேதியையும் மையின் பெயரையும் சொல்லுங்கள். 2011இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் 19 பேருக்கு இப்படி வந்தது. சாம்பல் மையிலேயே இருந்த ஒரு வகை மைகோபாக்டீரியாதான் காரணம். வழக்கமான மாத்திரைக்கு இது அடங்காது. சிவப்பு மை போட்ட இடம் மட்டும் மாதங்கள் கழித்துத் தடித்து அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமை; எல்லா நிறத்திலும் சிவப்புதான் இதில் முதலிடம். மார்பிலோ தோளிலோ தழும்பு மேடாகி வளர்ந்துகொண்டே போனால் அது கீலாய்டாக இருக்கலாம். அதுவும் கருநிறத் தோலில் கூடுதல், சீக்கிரம் காட்டினால் அடக்குவது சுலபம்.

எங்காவது மை பிடிக்காமல் விட்டுப்போயிருந்தால் உரிந்த மறுநாளே போய் நிற்காதீர்கள். ஆறு வாரமாவது கழித்து ‘டச்-அப்’புக்குப் போகலாம், பல கடைகளில் முதல் தடவைக்குக் காசு வாங்குவதில்லை, போடும்போதே கேட்டு வையுங்கள். ரத்த தானம் செய்கிறவராக இருந்தால் டாட்டூ போட்ட தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய விதிப்படி அதிலிருந்து 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. முகாமில் கேட்கும் படிவத்தில் மறைக்கவும் கூடாது. டச்-அப் செய்தால் அந்த 12 மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.