பெக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

கடைக் கணக்கு கொப்பியிலிருந்து கணினிக்கு மாறி வருகிறது. மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்குபவரானாலும், தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவரானாலும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது இன்று பலருக்குக் கணினிக்குள்தான் இருக்கிறது. அது அழிந்தால் கடன் வாங்கியவரின் வாய்ச்சொல்லே மிஞ்சும்.

இலங்கை அரசாங்கத்துக்கே இந்த அனுபவம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்க மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் வைரஸ் இது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை மீண்டும் இயங்கிய போதிலும் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பெக்கப் இருந்தது, ஆனால் இணைப்பில் இருந்த பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்த மூன்று மாதங்களுக்கும் தனியாகக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

சற்றுப் பெரிய கடைகளில் ஒரே சேர்வருக்குள் மென்பொருள் மூலம் இரண்டு மூன்று கணினிகளை இயக்குகிறார்கள். இதுவே வேர்ச்சுவல் மெஷின். முழுக் கணினியும் சில பெரிய கோப்புகளாக இருப்பதால் பிரதி எடுப்பது சுலபம் என்று நினைக்கிறோம். பிழைகள் வரும் இடங்களைக் கவனியுங்கள்.

1. ஸ்னப்ஷொட் பெக்கப் அல்ல. அது மூலக் கோப்பில் தங்கியிருப்பது. பெரும்பாலும் அதே டிஸ்க்கிலேயே இருப்பது. டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும். அழிக்காமல் விட்டால் வளர்ந்து வளர்ந்து இடத்தையும் நிரப்பிவிடும்.

2. பெக்கப் டிஸ்க்கில் இடம் முடிந்தாலோ, சேர்வரின் பாஸ்வேர்டை மாற்றினாலோ பெக்கப் நின்றுவிடும். கடை வழமைபோல் இயங்குவதால் எவருக்கும் தெரியாது. கடைசியாக வெற்றிகரமாக முடிந்த திகதியை வாரந்தோறும் பாருங்கள்.

3. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கோப்பை வெறுமனே பிரதி செய்தால் கணக்கு அரைகுறையாகப் பதியும். இயங்கும் மெஷினை முறையாகப் பதிவு செய்யும் பெக்கப் மென்பொருள் வேண்டும். இல்லையேல் கடை மூடிய பின் மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள்.

4. பெக்கப் டிஸ்க்கை எந்நேரமும் சேர்வரில் செருகி வைக்காதீர்கள். இரண்டு டிஸ்க்குகளை மாறி மாறிப் பாவியுங்கள்; ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே, பாதுகாப்பான வேறோர் இடத்தில் இருக்கட்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி எமது மாவட்டத்தையும் தாக்கியது. வெள்ளமும் மண்சரிவும் டிஸ்க்கைப் பார்த்து விலகிப் போவதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது பரீட்சித்துப் பார்ப்பது. மாதம் ஒருமுறை, கடைசி பெக்கப்பை வேறொரு கணினியில் திறக்கச் சொல்லுங்கள். பழைய மெஷினுடன் மோதாதிருக்க நெட்வேர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டே திறக்க வேண்டும். பின்னர் அந்தப் பெக்கப் எடுத்த நாளின் கடைசிப் பில் இலக்கத்தையும், பெரிய கடன்காரர் ஒருவரின் நிலுவையையும் கடையிலுள்ள பில் பிரதியோடு ஒப்பிடுங்கள். திறக்க எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணினி பழுதாகும் நாளில் கடை அத்தனை நேரம் கணக்கின்றி நிற்கும்.

நிறுத்துப் பார்க்காமல் மிளகு மூட்டைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. திறந்து பார்க்காத பெக்கப்பையும் அப்படியே நம்ப வேண்டாம்.