நாலு பீடிதானே என்று இராதீர்கள்



மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவி சந்தோஷத்தோடு, "ஒரு கட்டு குடிச்சவரு இப்போ நாலு பீடியோட நிறுத்திக்கிட்டாருங்க சாமி" என்றார். அவரை மெச்சினேன். ஆனாலும், அந்த நாலையும் விட வேண்டும் என்று சொல்லாமல் திரும்ப மனம் வரவில்லை. காரணத்தை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்.

புகையிலுள்ள நிக்கோட்டின் இருதயத்தை வேகமாய் அடிக்கச் செய்து, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவோ இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேலையைக் கூட்டித் தீனியைக் குறைத்தால் மாடு தாங்குமா? இருதயத்துக்கும் அதே கதிதான். மேலும், புகை இரத்தத்தை எளிதில் உறையச் செய்கிறது. ஏற்கெனவே குறுகிய குழாயில் அது அடைத்தால் மறுபடியும் மாரடைப்பே.

இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: இருபது சிகரெட்டு குடிப்பவருக்கு வரும் அதிகப்படியான இருதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளைக்கு ஒன்றே குடிப்பவருக்கும் உண்டு. பீடி சிறியதாகையால் தீங்கும் சிறிது என்பதும் தவறு. இருதய நோய் கண்டபின் அடியோடு விட்டவர்களுக்கோ, சாகும் ஆபத்து விடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆகையால் குறைப்பது வாசற்படி. அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

வீட்டார் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, திட்டாதீர்கள். திட்டினால் கொல்லைப்புறம் போய்க் குடிப்பார்; வைத்தியரிடமும் மறைப்பார்.

இரண்டாவது, முற்றிலும் நிறுத்த ஒரு நாளை அவரே குறிக்கட்டும். அன்று பீடியும் தீப்பெட்டியும் வீட்டைவிட்டுப் போகட்டும். வீட்டில் வேறு யார் புகைத்தாலும் அவருக்காக நிறுத்த வேண்டும். பிறர் விடும் புகையும் இருதயத்துக்குக் கேடே.

மூன்றாவது, ஆசை எழுந்தால் சில நிமிஷங்களில் தணியும். அந்நேரம் தண்ணீர் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள். சாப்பிட்டதும் பீடி தேடுகிறவரோடு, வைத்தியர் அனுமதித்தபடி சற்று நடந்து வாருங்கள். முதல் வாரத்தில் எரிந்து விழுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடுவது பரிகாரமல்ல.

நான்காவது, நிறுத்துவதற்கு உதவும் மருந்துகளும் நிக்கோட்டின் சூயிங்கமும் உண்டு, வைத்தியரைக் கேளுங்கள். 1800 112 356 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

நான் சொன்ன மனிதர் நாள் குறித்தார். ஒன்பதாம் நாள் தவறிவிட்டார். அவர் மனைவி கோபிக்கவில்லை. "எட்டு நாள் இருந்தீங்களே, இன்னொரு நாள் குறிப்போம்" என்றாராம். குறித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவரோடு அமர்ந்து ஒரு நாளைக் குறியுங்கள்.